திறந்த மூல மென்பொருளும் சிறிய இணையக் கம்பனிகளும்

இன்றைய பொருள் ஒன்றுதான்: எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருளை வைத்துக்கொண்டு ஒரு சிறிய இணையக் கம்பனி எப்படிப் பிழைக்கிறது?

திறந்த மூல மென்பொருள் என்பது மூலக்கோட்டோடு, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளோடு சேர்த்து, வெளியிடப்படும் மென்பொருள். அதை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இந்த அனுமதியை எழுதியவரே ஓர் உரிமமாக எழுதித் தருகிறார். 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவை வெளியிட்டார். இன்று அண்ட்ரொய்ட் கைபேசி ஒவ்வொன்றும் அந்த லினக்ஸ் கருவின் மேல்தான் ஓடுகிறது. ஆகவே இந்த மண்டபத்தில் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தாதவர் அநேகமாக ஒருவரும் இல்லை. அதற்கென்று காசு கொடுத்தவரும் அநேகமாக ஒருவரும் இல்லை.

காசு கொடுப்பவர் இல்லை என்றால் வியாபாரம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. கொழும்பு வரை போனால் போதும்.

2003 இல் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சஞ்சீவ வீரவரன. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்துவிட்டு நாடு திரும்பியவர். இலங்கையின் இளம் பொறியியலாளர்கள் உலகத் தரமான திறந்த மூல மென்பொருளை இங்கிருந்தே எழுத முடியும் என்பது அந்த அமைப்பின் நம்பிக்கை. இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி ஆக்சிஸ்2 போன்ற மென்பொருள்களில் இலங்கையரின் கை அப்படித்தான் பட்டது.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. கடல் வந்து போன பின்னர் நிவாரண அலுவலகங்களில் என்ன இருந்தது? காகிதக் கட்டுகள் இருந்தன. காணாமல் போனவர் பட்டியல் ஓரிடத்தில், முகாம்களின் பட்டியல் வேறோரிடத்தில், வந்து இறங்கிய உதவிப் பொருள்களின் கணக்கு மூன்றாவது இடத்தில். அந்த நாட்களில் கொழும்பின் மென்பொருள் தொழிலாளர்கள் தொண்டர்களாகக் கூடி எழுதியதுதான் சஹனா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். காணாமல் போனவர், முகாம்கள், தொண்டு நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகின. மூலக்கோட் திறந்தே இருந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அது பயன்பட்டது, 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவில் பயன்பட்டது, 2010 ஹெய்ட்டியில் பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கென்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதை 2006 ஆம் ஆண்டுக்கு அதுவே பெற்றது.

பதுளை மாவட்டத்தாருக்கு இப்படியொரு பட்டியலின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே முதல் நாட்களில் ஆளுக்கொன்றாகச் சொல்லப்பட்டது. பட்டியல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

சஹனா தொண்டர்களின் பாதை. இப்போது இரண்டாவது பாதை, வியாபாரம். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005 இல், அதே வட்டாரத்திலிருந்து வந்த சஞ்சீவ வீரவரனும் சகாக்களும் டபிள்யூஎஸ்ஓ2 என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்களின் வெவ்வேறு கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மென்பொருள் அவர்களுடைய சரக்கு. அதையும் திறந்த மூலமாகவே, அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்டார்கள். வேண்டியவர் இறக்கி ஓட்டலாம், ஒரு சதம் தர வேண்டியதில்லை. ஆனால் இபே போன்ற நிறுவனம் நாளொன்றுக்கு நூறு கோடிப் பரிமாற்றங்களை ஒரு மென்பொருள் வழியாக அனுப்பும்போது, நள்ளிரவில் அது நின்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் டபிள்யூஎஸ்ஓ2 ஆண்டுச் சந்தாவாக விற்றது. 2024 இல் சுவீடனின் ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் அதை வாங்க முன்வந்தபோது மதிப்பு 600 மில்லியன் டொலருக்கு மேல் என்று செய்தி வந்தது.

ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே வட்டாரத்து மனிதர்கள், ஒரே காலம், ஒரே திறந்த மூலம். ஒன்று உலகத்தின் துயரத்தில் பயன்பட்டது, ஆனால் தொண்டர்களின் ஓய்வு நேரத்தையும் நன்கொடையையும் நம்பியே இருந்தது. மற்றொன்று நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. எது உயர்ந்தது என்பதல்ல இங்கே கேள்வி. வித்தியாசம் எங்கே என்பதுதான் கேள்வி. கோட்டில் வித்தியாசம் இல்லை, இரண்டும் திறந்தவை. மென்பொருள் நின்றுபோனால் பொறுப்பேற்பதற்கு ஒருவர் இருக்கிறாரா, அந்தப் பொறுப்புக்கு விலை குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். திறந்த மூல வியாபாரத்தில் விற்கப்படும் சரக்கு கோட் அல்ல, பொறுப்பு.

இதற்கு ஊவா மலையிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன முதலான தோட்டங்களை வாங்கினார். அன்று பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. எந்தத் தோட்டத்துத் தேயிலை, என்ன தரம், எவ்வளவு கலப்படம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. லிப்டன் ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பொதி செய்து, விலையையும் தன் பெயரையும் அச்சிட்டு விற்றார். தேயிலை பலரிடமும் இருந்தது, பெயரிட்டுப் பொறுப்பேற்றது பொதி. அந்தப் பொதியின் இலாபத்தில் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். ஆனாலும் வியாபார நுட்பம் என்ற அளவில் அது கவனிக்கத்தக்கது.

டபிள்யூஎஸ்ஓ2 பெரிய கம்பனி, முதலீட்டாளர் பணத்தோடு வளர்ந்தது. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்த கம்பனிக்கு இது பொருந்துமா? பொருந்தும். சிறியவர்களின் உதாரணங்களே இதில் அதிகம் கற்றுத் தருகின்றன.

மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் குடும்பத்தின் தளபாட வியாபாரத்துக்காகக் கணக்கு, இருப்பு, விற்பனை எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு மென்பொருளை எழுத முற்பட்டார். அதுவே இஆர்பிநெக்ஸ்ட் ஆயிற்று. அதன் கம்பனியான ஃப்ராப்பே முழு மென்பொருளையும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து வைத்திருக்கிறது. யாரும் தம் சேர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிறு தொழிற்சாலைக்காரருக்கு சேர்வரைப் பராமரிப்பதில் ஆசை கிடையாது, தினமும் காலையில் திரை திறந்து கணக்குச் சரியாக இருந்தால் போதும். அந்த மன அமைதிக்கு அவர் மாதாந்தம் பணம் கட்டுகிறார். பெரும் முதலீட்டாளரைத் தேடி ஓடாமல் பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்த பிறகுதான், 2020 இல், பங்குத் தரகு நிறுவனமான செரோதாவின் முதலீட்டுப் பிரிவு ரெயின்மேட்டரிடமிருந்து ஃப்ராப்பே முதலீடு பெற்றது.

அமெரிக்காவில் மைக் பெர்ஹம் என்பவர் 2012 இல் சைட்கிக் என்ற சின்னக் கருவியை வெளியிட்டார். இணையத்தளங்களின் பின்னணியில் வரிசையாக நடக்க வேண்டிய வேலைகளைக் கவனிக்கும் கருவி அது. அடிப்படை இலவசம், பெரிய நிறுவனங்களுக்கு வேண்டிய சில வசதிகள் மட்டும் விலைக்கு. வருமானம் மில்லியன் டொலரைத் தாண்டிய பின்னரும் நெடுங்காலம் அவர் ஒருவரே அந்தக் கம்பனி. வெளியே தெரிவதெல்லாம் இலவசமாக இருக்கும்போது எத்தனை வாடிக்கையாளர் காசு கொடுப்பார்கள்? மிகச் சிலரே. ஆனால் இலவசமாக எடுத்தவர்கள் உலகெங்கும் பரவியிருந்தபடியால் அந்தச் சிலரே போதுமானவர்கள் ஆனார்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவனுக்கு இலவசப் பதிப்பே விளம்பரம்.

நன்கொடையை நம்பி நடத்துவதும் ஒரு வழி என்று சொல்பவர்கள் உண்டு. அது பொதுப்பணிக்குச் சரி. வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டிய கம்பனி அதை வருமானக் கணக்கில் எழுதாமல் இருப்பது நல்லது.

அடுத்து உரிமம். இந்தப் பகுதியில்தான் இணையக் கம்பனிகள் மற்றக் கம்பனிகளிலிருந்து வேறுபடுகின்றன, இங்கேதான் அதிகமான தவறுகளும் நடக்கின்றன. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை தருகிறது. ஆகவே உரிமம் எதுவும் எழுதாமல், மூலக்கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்ட கோட் திறந்த மூலம் ஆகிவிடாது. எல்லோரும் பார்க்கலாம், சட்டப்படி எவரும் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். ஒரு சிறு உரிமக் கோப்பு இல்லாததாலேயே நல்ல மென்பொருள் பலவற்றைக் கம்பனிகள் தொடாமல் விடுகின்றன.

உரிமங்கள் பல பெயர்களில் இருந்தாலும் அடிப்படையில் இரு குணம். எம்ஐடி, அப்பாச்சி போன்றவை தாராளமானவை. எடுத்தவர் அதை மூடிய மென்பொருளுக்குள் வைத்தும் விற்கலாம், மூல ஆசிரியரின் பெயரைக் காப்பாற்றினால் போதும். ஜிபிஎல் அப்படியல்ல. மாற்றிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மாற்றிய மூலக்கோட்டையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் இணையத்தில் மென்பொருள் யாருக்கும் கொடுக்கப்படுகிறதா? இல்லை. அது சேர்வரில் ஓடுகிறது, பாவனையாளர் உலாவியில் பார்க்கிறார். கொடுக்காதவனுக்கு ஜிபிஎல்லின் அந்தக் கடமை வருவதில்லை. இந்த இடைவெளியை அடைக்க வந்ததே ஏஜிபிஎல், அதன் இன்றைய பதிப்பு 2007 இல் வந்தது. மாற்றிய மென்பொருளை வலையமைப்பின் வழியே பயன்படுத்துபவருக்கும் மூலக்கோட் கிடைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இது வெறும் சட்டப் பேச்சா? பிளோசிபிள் என்ற சிறு கம்பனியைப் பார்க்கலாம். இணையத்தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று, வந்தவர்களை வேவு பார்க்காமல் எண்ணிச் சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. தொடக்கத்தில் இரண்டே பேர், வெளி முதலீடு இல்லை. முதலில் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டார்கள். பெரிய கம்பனி ஒன்று அப்படியே எடுத்துத் தன் பெயரில் விற்றால் தடுக்க வழியில்லை என்று கண்டு, 2020 இல் ஏஜிபிஎல்லுக்கு மாறினார்கள். அப்போது அவர்கள் மிகச் சிறியவர்கள். அதனால் மாற்றம் சத்தமில்லாமல் முடிந்தது.

பெரியவர்கள் பிந்தி மாற்றியபோது நடந்தது வேறு. எலாஸ்டிக் கம்பனி தன் தேடல் மென்பொருளின் உரிமத்தை 2021 இல் இறுக்கியது. அமேசன் தன் முகில் கணினிச் சேவையில் அதே மென்பொருளை விற்றது அதற்கு ஆத்திரம். அமேசன் சும்மா இருந்ததா? பழைய உரிமத்தில் இருந்த பதிப்பை எடுத்து ஓப்பன்சேர்ச் என்று தனியாக வளர்க்கத் தொடங்கியது. 2024 இல் எலாஸ்டிக் திரும்பவும் ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கம்பனி உரிமத்தை மாற்றியவுடன் பழைய பதிப்பிலிருந்து வால்கி என்ற பிரிவு கிளம்பியது, அடுத்த ஆண்டு ரெடிஸும் ஏஜிபிஎல்லைக் கொண்டுவந்தது. உரிமத்தைத் தீர்மானிக்க வேண்டிய காலம் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன். வந்த பிறகு மாற்றினால் அது வாக்கு மாறியதாகவே பார்க்கப்படும், மாற்றியவர் பக்கம் நியாயம் இருந்தாலும்.

கோட்டைத் திறந்தாலும் திறக்கக்கூடாத ஒன்று உண்டு. அது பெயர். லினக்ஸ் பதிப்பு ஒன்றைச் சந்தாவுக்கு விற்கும் ரெட் ஹெட் கம்பனியின் மூலக்கோட்டை எடுத்து சென்டோஸ் என்ற இலவசப் பதிப்பைச் செய்தவர்கள் அதிலிருந்து ரெட் ஹெட்டின் பெயரையும் சின்னத்தையும் நீக்கித்தான் வெளியிட முடிந்தது. கோட் அச்சொட்டாக ஒன்றே, ஆனால் வங்கிகளும் அரசாங்கங்களும் சந்தா கட்டியது பெயருக்குப் பின்னால் இருந்த கம்பனிக்கு. 2019 இல் ஐபிஎம் அந்தக் கம்பனிக்குக் கொடுத்த விலை 34 பில்லியன் டொலர். சிறிய கம்பனி தன் பெயரையும் இலச்சினையையும் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவதற்குச் செலவிடும் பணம் வீண்செலவல்ல.

இதுவரை உலகம். இனி நம் அப்புத்தளை.

அப்புத்தளையிலிருந்து தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல வரை ஒரே வீதியில், ஒரே ரயில் பாதையில் எத்தனை விடுதிகள்! நாலு அறை, ஆறு அறை உள்ள குடும்ப விடுதிகளே அதிகம். வெளிநாட்டவர் பெரும்பாலும் பெரிய பதிவுத் தளங்கள் வழியாகவே வருகிறார்கள். அந்தத் தளங்கள் எடுக்கும் தரகு பொதுவாக 15 வீதம் அளவில். ஓர் இரவுக்கு 12,000 ரூபா அறையில் 1,800 ரூபா போகிறது. மாதத்தில் பத்து இரவுகள் நேரடிப் பதிவாக மாறினால் விடுதிக்காரர் கையில் 18,000 ரூபா நிற்கும். அந்த மாற்றத்தைச் செய்து தருபவருக்கு மாதம் 5,000 ரூபா கொடுக்க அவர் யோசிப்பாரா? கணக்குக் காட்டினால் யோசிக்க மாட்டார். அப்படி முப்பது விடுதிகள் என்றால் மாதம் 1,50,000 ரூபா. முப்பது விடுதிகளையும் பஸ்ஸில் போய் நேரில் பார்த்துவிட்டு வரலாம். கலிபோர்னியாக் கம்பனியால் அது முடியாது.

இதற்கு வேண்டிய மென்பொருள் எது? உலக இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஓடுவதாகக் கணக்கிடப்படும் வேர்ட்பிரஸ், 2003 முதல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடக்கிறது. அறைப் பதிவுக்கான இணைப்புகளும் உள்ளன. ஆகவே எழுத வேண்டிய கோட் கொஞ்சம், ஏற்க வேண்டிய பொறுப்பு நிறைய. அறை நிலவரம் பதிவுத் தளங்களோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நிற்கும். காப்புப் பிரதி எடுக்க வேண்டும். விருந்தினரின் கடவுச்சீட்டு விவரங்களைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாடு இது.

ஊரில் இப்போது நடக்கும் வழக்கமோ வேறு. ஒரு தொகை பேசி இணையத்தளம் செய்து கொடுத்துவிட்டு, பையன் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். ஆறு மாதத்தில் தளம் பழுதாகிறது, விடுதிக்காரர் தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வேறெந்த இளைஞர் போனாலும் கதவு திறக்காது. ஒருமுறைக் கூலியை வாங்கிக்கொண்டு போகும் தொழிலுக்கும் மாதச் சந்தாத் தொழிலுக்கும் உள்ள தூரம், கூலிக்கும் கம்பனிக்கும் உள்ள தூரம்.

இன்னொரு துறை, வெளியூர்க் கம்பனிக்கு எளிதில் புரியாத துறை, தோட்டத்துக் கணக்கு. காலைப் பிரட்டு எனும் வரவெடுப்பு முதல் மாலை கொழுந்து நிறுவை வரை ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஒரு வரி. இத்தனை கிலோ எடுத்தால் பேர், அதாவது முழுநாள் கூலி, குறைந்தால் அரைப்பேர், கூடினால் கைக்காசு. மாத முடிவில் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3. இவற்றோடு முற்பணம், கடைக் கடன், தொழிற்சங்கச் சந்தாப் பிடித்தங்கள். உலகின் எந்தப் பெரிய கணக்கு மென்பொருளுக்கு அரைப்பேர் என்றால் தெரியும்? தெரியாது. இஆர்பிநெக்ஸ்ட்டுக்கும் தெரியாது. ஆனால் அது திறந்த மூலம், ஆகவே கற்றுக்கொடுக்கலாம்.

யாரிடம் விற்பது? 1992 முதல் தனியார்மயமான பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொழும்பில் தலைமையகமும் அங்கேயே கணினிப் பிரிவும் உண்டு. அந்தக் கதவைத் தட்டுவதில் இரண்டு வருடம் கழிந்துவிடும். அதைவிட, சிற்றுடைமையாளரிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளும் சிறு தனியார் தோட்டங்களும் நல்ல தொடக்கம். அங்கே முடிவெடுப்பவரே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். கொழுந்து கொடுப்பவருக்கு மாதாமாதம் மாறும் விலையில் கணக்குப் பார்க்க வேண்டும், தந்த கொழுந்தின் நிறையைக் குறுஞ்செய்தியாகத் தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் சண்டை பாதியாகக் குறையும். மூன்று மொழியில் திரை, மூன்று மொழியில் பற்றுச்சீட்டு. இதைச் செய்ய மூலக்கோட் கையில் இருக்க வேண்டும். மூடிய மென்பொருளில் மொழியைச் சேர்க்க அதன் முதலாளி மனம் வைக்க வேண்டும், திறந்த மென்பொருளில் சேர்ப்பவர் மனம் வைத்தால் போதும். ஈழத்து நூல்களைச் சேமிக்கும் நூலகம் இணையத்தளம் 2005 முதல் பெரும்பாலும் தன்னார்வலர்களைக் கொண்டே எழுந்து நிற்கிறதென்றால், விக்கிப்பீடியாவுக்கு எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருள் தமிழுக்கும் அப்படியே திறந்து கிடந்தது அதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் இந்த அரைப்பேர்க் கணக்கு எழுதிய பகுதியையும் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? இளைஞர்களின் முதல் பயம் இதுதான்: திறந்தால் பக்கத்துக் கடைக்காரன் எடுத்துவிடுவான். எடுக்கட்டும். அவன் அதைத் தொழிற்சாலையில் நிறுவ வேண்டும், கணக்கப்பிள்ளைக்குப் பழக்க வேண்டும், சம்பள நாளுக்கு முதல் இரவு பிழை வந்தால் எழுந்து வர வேண்டும். அதைச் செய்யத் தயாராக உள்ளவன் கோட் கிடைக்காவிட்டாலும் எழுதிவிடுவான். செய்யத் தயாரில்லாதவனுக்குக் கோட் கிடைத்தும் பயனில்லை. மறுபக்கம், திறந்திருப்பதால் நாவலப்பிட்டியிலோ தெனியாயவிலோ ஒருவர் அதை எடுத்துத் தன் ஊர் வழக்கத்தைச் சேர்த்தால், உரிமம் ஏஜிபிஎல் ஆக இருந்தால், அந்தச் சேர்க்கையின் மூலக்கோட்டும் திரும்பக் கிடைக்க வழியுண்டு. முற்றிலும் திறந்து வைக்க மனம் இல்லாதவர் சைட்கிக் வழியில், பெரிய தொழிற்சாலைக்கு மட்டும் வேண்டிய அறிக்கைகளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிறருடைய ஜிபிஎல் மென்பொருளோடு பின்னிப் பிணைந்த பகுதியை மூடி விற்க முடியாது என்பதை எழுதத் தொடங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவு பற்றி ஒரு சொல். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மாதம் 5 டொலர் வாடகைச் சேர்வர் 1,000 ரூபாவிலிருந்து 1,800 ஆனது. தாங்கலாம். ஆனால் ஆளுக்கு மாதம் இத்தனை டொலர் என்று மென்பொருள் உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த கம்பனிகளுக்கு அத்தனை கட்டணமும் ஒரே காலாண்டில் அந்த விகிதத்தில் ஏறியது. வருமானம் ரூபாவில், செலவு டொலரில் என்பது சிறிய கம்பனியைக் கொல்லும் கணக்கு. திறந்த மூலத்தின் மேல் கட்டியவருக்கு டொலர்ச் செலவு சேர்வரோடு நின்றது. மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது, சேர்வரை அலுவலகத்து மேசைக்கடியில் வைத்திருந்தவர்களும் ஒரு பாடம் படித்தார்கள்.

வரவு பற்றியும் ஒரு சொல். உள்ளூர் வாடிக்கையாளரிடம் வங்கி மாற்றல், லங்காகியூஆர் போன்ற வழிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து சந்தா வசூலிப்பதுதான் சிக்கல். உலகின் சிறு கம்பனிகள் பயன்படுத்தும் கொடுப்பனவுச் சேவையான ஸ்ட்ரைப் இலங்கைக் கம்பனிகளுக்குத் திறந்ததில்லை, பேபாலில் பணம் அனுப்ப முடிந்தாலும் பெற முடியாத நிலைமை நெடுங்காலம் நீடித்தது. ஆகவே வெளிநாட்டுச் சந்தைக்குப் போகிறவர் மென்பொருளை எழுதுவதற்கு முன் பணம் வரும் பாதையை வங்கியில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி ஒரே பங்குதாரரைக் கொண்டும் தனியார் கம்பனி பதியலாம், பதிவை இணையத்திலேயே செய்யலாம். கம்பனியின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதவரிடம் தொழிற்சாலைக்காரர் ஆண்டு ஒப்பந்தம் போடமாட்டார்.

இலவசமாகக் கிடைப்பதில் ஆபத்தே இல்லையா? உண்டு. 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற சிறு ஜாவாத் தொகுப்பில் பாரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. உலகின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன, அதைப் பராமரித்தவர்களோ ஒரு சில தன்னார்வலர்கள். ஆகவே எந்தெந்தத் தொகுப்புகளின் மேல் தன் கட்டடம் நிற்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு சிறு கம்பனியிடமும் இருக்க வேண்டும். புதுப்பிப்பு வந்தால் வாரக்கணக்கில் கிடப்பில் போடக்கூடாது. கண்ட பிழையைத் தம் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டு ஒதுங்காமல் மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும். இதில் தருமமும் உண்டு, சுயநலமும் உண்டு. திருத்தம் மூலத்தில் சேர்ந்துவிட்டால் அடுத்த பதிப்பில் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மாணவர்களைத் திறந்த மூல மென்பொருளில் எழுத வைக்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தில் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை. அப்படித் திருத்தம் அனுப்பிப் பழகியவர்களுக்கு வேலை வாய்ப்புக்கான சான்றிதழை அவர்களுடைய கோட்டே கொடுத்தது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கும்போது அந்த வழி இங்கே மூடியிருக்க நியாயமில்லை.

கடைசியாக, கம்பனி மூடப்பட்டால் என்ன? சிறிய கம்பனிகளில் பல மூடப்படும். வாடிக்கையாளருக்கும் அது தெரியும், அதனால்தான் அப்புத்தளைக் கம்பனியை விட்டுக் கொழும்புக் கம்பனியைத் தேடுகிறார். இந்தப் பயத்துக்குத் திறந்த மூலத்தில் நேரான பதில் இருக்கிறது. ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்: மூலக்கோட் இந்த முகவரியில் இருக்கிறது, தரவின் முழுப் பிரதி மாதந்தோறும் தொழிற்சாலையின் கையில் தரப்படும், சேவை நின்றால் வேறெவரையும் வைத்து நடத்திக்கொள்ளலாம், அதற்கு மூன்று மாத முன்னறிவித்தல். மூடிய மென்பொருள் விற்கும் கம்பனி, எவ்வளவு பெரியதானாலும், இந்த வரிகளில் கையெழுத்திடத் தயங்கும். இரண்டு பேர் கம்பனி தயங்காமல் இடலாம்.